கிழங்குக்குப் 'பாயிண்ட்' எங்கிருந்து வருகிறது?



மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறவன் செடியைப் பற்றி ஏன் எழுதுகிறான் என்று சிரிக்க வேண்டாம். இலையும் ஒரு இயந்திரம்தான். கரன்ட் போனால் நம்ம ஒர்க்‌ஷாப் நின்றுவிடும். வெயில் இருக்கிற வரைக்கும் இலை நிற்காது.

சேலம், நாமக்கல் பக்கத்துக்காரர்களுக்குப் 'பாயிண்ட்' என்றால் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ராசிபுரம், ஆத்தூர், சேந்தமங்கலம் பக்கம் விளைகிற மரவள்ளி, அதாவது நம்ம குச்சிக்கிழங்கு, சேகோ ஃபேக்டரிக்குப் போனால் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நூற்றுக்கு எத்தனை பங்கு மாவு இருக்கிறது என்று பார்த்து, பாயிண்ட்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று விலை வைப்பார்கள். 28 பாயிண்ட் என்றால் 100 கிலோ கிழங்கில் 28 கிலோ மாவு. இரண்டு பாயிண்ட் குறைந்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லை. எங்கள் வீட்டிலும் இப்படித்தான்.

சரி, அந்த மாவு எங்கிருந்து வந்தது? எங்கள் அப்பாருவைக் கேட்டேன். "இதென்னடா கேள்வி, மண்ணுல இருந்துதான் வருது. எருப்போட்டா ஏறுது, போடாட்டி இறங்குது" என்றார். ஹாஸ்டல் நண்பர்களைக் கேட்டால் "உரம்" என்றார்கள். உண்மையில் அந்த மாவில் இருக்கிற கார்பன் முழுவதும் காற்றிலிருந்து வந்தது. எப்படி என்று பார்ப்போம்.

தொட்டியில் வளர்ந்த மரம்

பெல்ஜியத்தைச் சேர்ந்த வான் ஹெல்மான்ட் என்பவர் சுமார் 90 கிலோ உலர்ந்த மண்ணைத் தொட்டியில் நிரப்பி, ஒரு வில்லோ கன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 75 கிலோவுக்கு மேல் வந்தது. மண்ணை மறுபடி உலர்த்தி நிறுத்துப் பார்த்தால் 60 கிராம்கூடக் குறையவில்லை! தண்ணீர்தான் மரமாகிவிட்டது என்று அவர் முடிவு செய்தார். 1648-ல் இது அச்சில் வந்தது. காற்றின் பங்கு அவருக்குத் தெரியாது. 1779-ல் இங்கன்ஹவுஸ் என்பவர் வெளிச்சம் பட்டால்தான், அதுவும் பச்சைப் பாகம்தான் ஆக்சிஜனை விடுகிறது என்று காட்டினார். சில வருடங்களில் செனபியே என்பவர், செடி காற்றிலுள்ள கரியமிலவாயுவை எடுத்துக்கொள்கிறது என்பதைக் கண்டார்.

இலைக்குள் என்ன நடக்கிறது?

இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். அவை வழியாகக் காற்று உள்ளே போகிறது. பச்சையம் வெயிலைப் பிடித்து, அந்தச் சக்தியால் தண்ணீரை உடைக்கிறது. ஆக்சிஜன் வெளியே போய்விடும், ஹைட்ரஜன் அடுத்த வேலைக்குப் போகும். பிறகு 'ருபிஸ்கோ' என்ற என்சைம், கரியமிலவாயுவை ஒரு சர்க்கரைப் பொருளோடு ஒட்ட வைக்கிறது. இந்தச் சுற்றுப் பாதையைக் கார்பன்-14 கொண்டு படிப்படியாகக் கண்டறிந்ததற்குத்தான் மெல்வின் கால்வினுக்கு 1961-ல் நோபல் பரிசு கிடைத்தது. இலையில் தயாரான சர்க்கரை தண்டு வழியாக இறங்கி, வேரில் மாவாகச் சேருகிறது. வேர் பருத்தால் அதுதான் கிழங்கு.

அப்படியானால் உரம் எதற்கு? நல்ல கேள்வி. தழைச்சத்து இல்லாவிட்டால் பச்சையமும் ருபிஸ்கோவும் உருவாகாது. சாம்பல்சத்து இல்லாவிட்டால் சர்க்கரை கிழங்குக்கு ஒழுங்காக இறங்காது. நம்ம பாஷையில் சொன்னால் உரம் 'டூல்', காற்றும் தண்ணீரும்தான் 'மெட்டீரியல்'. டூல் இல்லாமல் வேலை நடக்காது என்பதால் அப்பாரு சொன்னதும் தப்பில்லை.

கணக்குப் போடுவோம்

முதலாண்டு கெமிஸ்ட்ரி ஞாபகம் இருக்கிறதா? மாவின் ஒரு கண்ணிக்கு எடை 162. அதைக் கட்ட ஆறு கரியமிலவாயு மூலக்கூறு வேண்டும், எடை 264. ஆக ஒரு கிலோ மாவுக்குச் சுமார் 1.63 கிலோ கரியமிலவாயு. ஆனால் 10,000 லிட்டர் காற்றில் அந்த வாயு 4 லிட்டர் சொச்சம்தான் இருக்கிறது. ஒரு கனமீட்டர் காற்றில் முக்கால் கிராம்! ஒரு கிலோ மாவுக்கு 2,100 கனமீட்டருக்கு மேல் காற்றைச் சல்லடை போட வேண்டும். 10 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள வகுப்பறை என்றால் பத்து வகுப்பறைக் காற்று!

கரும்பில் இருக்கிற டர்போ

ருபிஸ்கோவுக்கு ஒரு குறை உண்டு. வெயில் ஏற ஏற, கரியமிலவாயுவுக்குப் பதிலாக ஆக்சிஜனைப் பிடித்துவிட்டுச் செய்த வேலையை வீணாக்கும். மரவள்ளி, நெல், நிலக்கடலை எல்லாம் இந்த சி-3 வகை. மோகனூர் பக்கத்துக் கரும்பும், கோழித் தீவனத்துக்குப் போகிற மக்காச்சோளமும், மானாவாரிச் சோளமும் சி-4 வகை. அவை கரியமிலவாயுவை முதலில் ஒரு அறையில் பிடித்து, அழுத்தி, பிறகு ருபிஸ்கோவிடம் தருகின்றன. லாரி இன்ஜினுக்கு டர்போ சார்ஜர் செய்கிற வேலைதான் இது. 1966-ல் ஹட்ச், ஸ்லாக் என்ற இருவர் இதை விளக்கினார்கள். வேலியோரச் சப்பாத்திக்கள்ளி இன்னும் கெட்டிக்காரி. ராத்திரியில் துளையைத் திறந்து வாயுவைச் சேமித்து, பகலில் மூடிக்கொண்டு சமைக்கும்.

தண்ணீர்தான் விலை

ஏன் மூட வேண்டும்? துளை திறந்தால் காற்று உள்ளே வரும், தண்ணீர் வெளியே போகும். ஒரு கரியமிலவாயு மூலக்கூறுக்குச் சில நூறு தண்ணீர் மூலக்கூறுகள் போய்விடும். நம்ம ஊரில் திருச்செங்கோட்டு ரிக்கை வைத்து போர் போட்டுக்கொண்டே போகிறோமே, அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி இலை வாய் திறப்பதற்கான செலவுதான். காற்று காய்ந்தால் மரவள்ளி உடனே துளையை மூடும், வறட்சி நீடித்தால் இலையை உதிர்க்கும். செடி பிழைக்கும், ஆனால் மாவு சேராது. பிறகு மழை வந்தால் புது இலை விட, கிழங்கில் சேர்த்த மாவையே எடுத்துச் செலவழிக்கும். மழைக்குப் பின் பாயிண்ட் இறங்குவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

இலை போனால் எல்லாம் போச்சு. 2020-க்குப் பின் மரவள்ளியில் மாவுப்பூச்சி வந்து குருத்தைச் சுருட்டியபோது விவசாயிகள் பட்ட பாடு தெரியும். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்ன ஒட்டுண்ணிக் குளவியை 2022-ல் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். காப்பாற்றப் பார்த்தது இலையை, அதன் மூலம் பாயிண்ட்டை.

லாரியும் இலையும்

கடைசியாக நம்ம துறைக்கு வருகிறேன். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமிலவாயு வரும். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் போகிற லாரி 50 கிலோமீட்டர் ஓடினால் 33 கிலோவுக்கு மேல். அதை மறுபடி பிடிக்க 20 கிலோ மாவு விளைய வேண்டும். 28 பாயிண்ட் கிழங்கு என்றால் 70 கிலோவுக்கு மேல்! லாரிக்கு ஒரு மணி நேரம், செடிக்கு எட்டுப் பத்து மாதம். அதுவும் ஜவ்வரிசிப் பாயசம் குடித்ததும் நம்ம மூச்சில் அது திரும்பிப் போய்விடும்.

1958-ல் பத்து லட்சத்தில் 315 பங்காக இருந்த கரியமிலவாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. "அப்போ செடிக்கு நல்லதுதானே?" என்று கேட்கலாம். சி-3 பயிருக்குக் கொஞ்சம் லாபம்தான். ஆனால் கூடவே வெயில் ஏறுகிறது, மழை தப்புகிறது, நெல், கோதுமையில் புரதமும் துத்தநாகமும் குறைவதாகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. பாயிண்ட்டைத் தீர்மானிப்பது வாயு மட்டுமல்ல, தண்ணீரும்தானே!

நண்பர்களே, நம்மில் பாதிப்பேர் லாரிப் பட்டறைக்கும் பம்ப்செட்டுக்கும்தான் வேலைக்குப் போகப் போகிறோம். அடைத்த இன்ஜெக்டரைச் சரிசெய்வதும், டயரில் காற்றைச் சரியாக வைப்பதும், தேய்ந்த பம்பை மாற்றுவதும், சொட்டுநீர்க் குழாயைச் சரியாகப் போட்டுக் கொடுப்பதும் நம்ம கையில் இருக்கிற வேலை. அதைச் சுத்தமாகச் செய்தால் லாரிக்காரருக்கு டீசல் மிச்சம், காட்டுக்காரருக்குத் தண்ணீர் மிச்சம். இந்த லீவில் ஊருக்குப் போனால் கிழங்குக்காட்டில் ஒரு இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். நம்ம சிலபஸில் இல்லாத மிஷின் அது!