இருளில் விளையும் நீலம்

பாசி வளரக் கதிரொளி வேண்டும் என்பது நாம் அறிந்ததே. ஆயினும், ஒளி புகாத கலனிலும் சில நுண்பாசிகள் செழித்து வளர்கின்றன. வெப்பமும் அமிலமும் மிகுந்த ஊற்றுகளில் வாழும் கால்டீரியா சல்ஃபுராரியா என்னும் செம்பாசி அவற்றுள் ஒன்று.

உணவுக்கு நீலம் ஊட்டும் இயற்கை நிறமியாகிய பைக்கோசயனின், பெரும்பாலும் சுருள்பாசியிலிருந்து பெறப்படுகிறது. சுருள்பாசி வெயில்படும் ஆழமற்ற குளங்களில் வளர்க்கப்படுகிறது. பாசி அடர்த்தியானதும் மேலுள்ள செல்கள் கீழுள்ளவற்றுக்கு நிழலாகின்றன. விளைச்சலும் ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது.

கால்டீரியாவுக்கு இத்தடை இல்லை. நொதிகலனில் குளுக்கோசும் காற்றும் அளித்தால், அது சர்க்கரையைச் சிதைத்து ஆற்றல் பெற்று இருளிலேயே பெருகுகிறது. இதனைச் சார்பூட்ட முறை என்பர். அதன் சில வகைகள் இருளிலும் பைக்கோசயனினை உருவாக்குகின்றன. பி.எச். மதிப்பு 2 அளவிலான அமிலத்திலும் அது வளர்வதால், வேற்று நுண்ணுயிரிகள் எளிதில் கலப்பதில்லை. அதன் நீலம், சுருள்பாசியின் நீலத்தைவிட வெப்பத்தையும் அமிலத்தையும் மிகுதியாகத் தாங்குகிறது.

எனினும், அப்பாசி உண்ணும் குளுக்கோஸ் எங்கிருந்து வருகிறது? மக்காச்சோளம் போன்ற பயிர்களின் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. அப்பயிர்களுக்கு நிலமும் நீரும் வெயிலும் வேண்டும். கலனுக்குள் இருள் இருப்பினும், அதற்கான உணவு கதிரொளியில் விளைந்ததே. ஆகவேதான், சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகையும் உணவுக்கழிவையும் கொண்டு இப்பாசியை வளர்க்கும் ஆய்வுகள் சிறப்புப் பெறுகின்றன.