கிளைடர் வாங்குமுன்

பூதிகோட்டைக் குன்றுகளின்மேல் பருந்துகள் சிறகசைக்காமல் வட்டமிட்டு மேலேறுவதை நாம் கண்டிருக்கிறோம். வெயிலில் காய்ந்த பாறையிலிருந்து எழும் வெப்பக் காற்றே அவற்றைத் தூக்குகிறது. யந்திரமற்ற கிளைடர் விமானமும் அக்காற்றை நம்பியே பறக்கிறது. தங்கவயல் வட்டாரத் தமிழ் இளைஞர் சிலர், பணம் சேர்ந்தவுடன் ஒன்றை வாங்கிவிடலாமென எண்ணக்கூடும். முறை அதுவன்று; முதலில் சங்கத்தில் சேர்ந்து பயில வேண்டும்.

ஜெர்மானியரான ஆட்டோ லிலியந்தால் தாம் அமைத்த கிளைடர்களில் ஏறத்தாழ 2,000 முறை பறந்தவர். 1896 ஆகஸ்டில் ஒருநாள் மூக்கு உயர்ந்து, வேகம் குன்றி, விமானம் வீழ்ந்தது. மறுநாள் அவர் உயிர் நீத்தார். அவருக்குக் கற்பிக்க அந்நாளில் எவருமில்லை. இன்றோ, இறக்கைகள் தூக்கும் ஆற்றலை இழக்கும் அந்நிலையை ஆசிரியரே போதிய உயரத்தில் உண்டாக்கிக் காட்டி, மீளும் வழியையும் பழக்குகிறார். இதற்கு இரட்டை ஆசனக் கிளைடர் தேவை. எஸ். ராமாமிருதம் வடிவமைத்து 1961இல் பறந்த நம் நாட்டு ‘ரோகிணி’யில் இருவரும் அருகருகே அமர்வர்.

தரையிறங்குகையில் கணக்குத் தவறினால், மீண்டும் எழும்பிச் சுற்றிவர இதில் யந்திரம் கிடையாது. இன்னொன்று: விமானத்தை மட்டும் வாங்கியவர் அதை எவ்வாறு மேலேற்றுவார்? கம்பியால் இழுக்கும் விஞ்சு, நீண்ட மைதானம், இறக்கை நுனியைப் பிடிக்க ஆள் ஆகியன வேண்டுமே! புனேயை அடுத்த ஹடப்சரில் 1950இல் மத்திய அரசு தொடங்கிய நிலையம் போன்ற இடங்களில்தான் இவை ஒருங்கே அமையும்.

அங்குப் பல மாதம் பறந்தபின், நம் எடைக்கும் திறனுக்கும் ஏற்ற வகை எதுவென்பது தெரியவரும். பழைய மரக் கிளைடராயின், பசையிட்ட மூட்டுகளை அறிந்தவர் ஒருவர் சோதித்த பிறகே விலை பேசலாம்.