200 மணி நேர பைலட்டுக்கு துபாயில் வேலையா?

கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கும் விமானத்துக்கும் ரொம்பத் தூரம். உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் இருக்கிறது. விமானம்தான் வருவதில்லை. மற்றபடி கல்வராயன் மலைக்கு மேலே வெள்ளைக் கோடு போட்டபடி போகும் ஜெட்டை அண்ணாந்து பார்ப்பதோடு சரி.

ஆனால் பைலட் ஆசை மட்டும் எங்கள் ஊரிலும் வந்து இறங்கிவிட்டது. ''பையனை பைலட்டுக்குப் படிக்க வைக்கப் போறேன் தம்பி. படிச்சு முடிச்சதும் துபாய்ல வேலை ரெடியாம். ஏஜென்ட் சொன்னாரு'' என்றார் கச்சிராயபாளையம் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவர். நாலு ஏக்கரை விற்கத் தயாராக நின்றார். விஷயம் தெரிந்தவர்களிடம் விசாரித்து, அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

லைசென்ஸ் வேறு, வேலை வேறு!

இந்தியாவில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். கேட்க அதிகமாகத் தெரியும். இடைவிடாமல் பறந்தால் எட்டு நாள், எட்டு மணி நேரம். அவ்வளவுதான்! அதுவும் பெரும்பாலும் குட்டி விமானத்தில். இதற்கே அரைக் கோடி ரூபாய்க்கு மேல் ஆகிவிடுகிறது. அப்புறம் ஏர்பஸ்ஸோ போயிங்கோ ஓட்ட 'டைப் ரேட்டிங்' என்று தனிப் பயிற்சி. அதற்குத் தனியாகப் பல லட்சம்.

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பஸ்ஸை, நேற்று லைசென்ஸ் வாங்கிய பையனிடம் கொடுப்பார்களா? கொண்டை ஊசி வளைவில் நாம்தான் உட்காருவோமா? வெளிநாட்டு விமானக் கம்பெனிக்காரனும் அதையேதான் கேட்கிறான்.

வெளிநாட்டுக் கதவுகள்

அமெரிக்கா: 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன்பின் வந்த சட்டத்தால், 2013 முதல் அங்கே கோ-பைலட் ஆவதற்கே பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அந்த விமானத்தை ஓட்டிய இருவருமே 1,500 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்கள்!

ஐரோப்பா: நம் லைசென்ஸை அப்படியே ஏற்க மாட்டார்கள். 13 தியரி பேப்பர் எழுத வேண்டும். எழுதி முடித்தாலும், 'இங்கே வேலை செய்யும் உரிமை இருக்கிறதா?' என்பார்கள்.

வளைகுடா: பெரிய கம்பெனிகள் வெளிநாட்டு பைலட்டிடம் ஜெட்டில் பறந்த அனுபவத்தைக் கேட்கும். குட்டி விமானத்து 200 மணி அங்கே செல்லாக்காசு.

ஆப்பிரிக்கா: இங்கேதான் ஒரு சின்ன ஜன்னல் திறந்திருக்கிறது. போட்ஸ்வானாவின் மவுன் நகரில், காட்டுக்குள் டூரிஸ்ட்டுகளை இறக்கிவிடும் செஸ்னா விமானங்களுக்குக் குறைந்த மணி நேர பைலட்டுகளை எடுப்பதுண்டு. ஆனால் உலகம் பூராவிலிருந்தும் பையன்கள் அங்கே நேரில் போய் மாதக்கணக்கில் காத்துக் கிடப்பார்கள்.

இன்னொரு வகையும் உண்டு. 'பணம் கட்டு, எங்கள் விமானத்தில் 500 மணி நேரம் ஓட்டிக்கொள்' என்பார்கள். சம்பளம் வாங்கும் வேலையா, கொடுக்கும் வேலையா? 500 மணி முடிந்ததும் உங்கள் ஸீட்டில் பணம் கட்டிய அடுத்த ஆள்!

அப்போ உள்ளூரில்?

200 மணி நேரக்காரரை கோ-பைலட்டாக எடுக்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. உடனே துள்ள வேண்டாம். 'பைலட் பற்றாக்குறை' என்று பேப்பரில் வந்தால், அது பெரும்பாலும் கேப்டன்களுக்கான பற்றாக்குறை. தவிர, கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019-ல். கோ ஃபர்ஸ்ட் 2023-ல். ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்களே வேலை தேடி வரிசைக்கு வந்தார்கள். அந்த வரிசையில் 200 மணிக்காரர் எங்கே நிற்பார்?

ஆசை இருந்தால்...

* முதலில் மெடிக்கல். நிறக்குருடு மாதிரி ஏதாவது இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

* உத்தரப்பிரதேசத்தில் ரேபரேலி அருகே, ஃபர்சத்கஞ்சில் மத்திய அரசின் விமானப் பயிற்சி அகாடமி இருக்கிறது. நுழைவுத் தேர்வு எழுதிப் பாருங்கள்.

* விமானக் கம்பெனிகளே நடத்தும் கேடட் திட்டங்களையும் பாருங்கள். 'வேலை நிச்சயமா, நிபந்தனையா?' என்று ஒப்பந்தத்தில் வரி வரியாகப் படியுங்கள்.

* லைசென்ஸ் வாங்கியும் வேலை வரவில்லையா? பயிற்சிப் பள்ளியில் இன்ஸ்ட்ரக்டர் ஆகப் பாருங்கள். மணி நேரமும் ஏறும், கொஞ்சம் சம்பளமும் வரும். 1,000 மணிக்குமேல் ஜெட்டில் பறந்த பிறகு துபாயைப் பற்றி யோசிக்கலாம்.

கடைசியாக, ஏஜென்ட்டிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். 'எந்தக் கம்பெனி? அவர்கள் எத்தனை மணி நேரம் கேட்கிறார்கள்?' இரண்டையும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். ''அதெல்லாம் பார்த்துக்கலாம் சார், முதல்ல அட்வான்ஸைக் கட்டுங்க'' என்றாரானால், மரியாதையாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு பஸ் ஏறிவிடுங்கள். டிக்கெட் காசோடு போகும். நாலு ஏக்கர் மிஞ்சும்!