இஸ்திரி மேசை: கொள்முதலுக்கு முன் கால்களைப் பாருங்கள்

மளிகையோடு வீட்டுச் சாமான்களும் விற்கும் வணிகர்கள் பலர் மடக்கு இஸ்திரி மேசையையும் வைத்திருக்கிறார்கள். 1892ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரைச் சேர்ந்த சாரா பூன் என்ற பெண்மணி, சட்டைக் கைகளைத் தேய்க்க ஏற்ற குறுகிய, வளைந்த பலகைக்குக் காப்புரிமை பெற்றார். பலகை அன்றே திருந்திவிட்டது. ஆபத்து இருப்பது கால்களில்தான்.

பலகையின் இரு முனைகளும் கால்களைத் தாண்டி நீண்டிருக்கும். அங்கே பாரம் ஏறினால் மேசை சாயும்; சூடான பெட்டி கீழே விழும். அருகில் குழந்தை இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, சரக்கு எடுக்கும்போது ஒரு மேசையைப் பிரித்து நிறுத்திச் சோதியுங்கள்:

1. கால்கள் அகன்று, எல்லா முனைகளும் தரையில் பதிய வேண்டும். முனைகளில் ரப்பர் உறை அவசியம்.

2. நடுவில் இரு கைகளாலும் அழுத்துங்கள். உயரத்தை நிறுத்தும் பூட்டு நழுவக் கூடாது.

3. நம்மிடம் உள்ள 2 கிலோ எடைக்கல்லை முதலில் பெட்டி வைக்கும் தட்டிலும், பிறகு கூரிய முனையிலும் வையுங்கள். மேசை அசையக் கூடாது.

இதே சோதனையை வாடிக்கையாளர் முன்பும் செய்து காட்டலாம். விலை சற்றுக் கூடினாலும் நம்பி வாங்குவார்கள்.