'நோட்டீஸ் தேவையில்லை' என்று சட்டமே சொன்னால்?

வறட்சியில் வேலையிழந்து 1961-ல் சேலத்திலிருந்து பம்பாய்க்குப் பிழைக்கப் போனார் ஒரு கூலித் தொழிலாளி. 1981 ஜூலையில் மாநகராட்சி அவருடைய நடைபாதைக் குடிசையை இடித்து, குடும்பத்தோடு சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டது. அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி, மறுபடியும் நடைபாதையில் ஒண்டிக்கொண்டார். ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று அறியப்படும் வழக்கின் மனுதாரர்களில் அவரும் ஒருவர்.

பாதிக்கப்படுகிறவரைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாகக் கூடாது. இயற்கை நீதியின் அடிப்படை இவ்விரண்டும்தான். சட்டம் மௌனமாக இருந்தால் நீதிமன்றங்கள் இவற்றைச் சேர்த்தே படிக்கும். மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில் 1978-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் படித்தது. ஆனால் பம்பாய் மாநகராட்சிச் சட்டத்தின் 314-வது பிரிவு மௌனமாக இல்லை. ஆணையர் நோட்டீஸ் இல்லாமலே ஆக்கிரமிப்பை அகற்றலாம் என்று வெளிப்படையாகவே சொன்னது.

1985 ஜூலை 10-ல் தலைமை நீதிபதி ஒய்.வி.சந்திரசூட் தலைமையிலான ஐவர் அமர்வு அதற்குப் பொருள் சொன்னது. 'அகற்றலாம்' என்பது அனுமதிதான், கட்டளை அல்ல. நோட்டீஸ் கொடுப்பதே விதி. அவசரம் நேர்ந்தால் மட்டுமே விலக்கு. நடைபாதைவாசிகளிடம் சொல்லப் பதில் ஏதும் இருக்காது என்பதும் கேட்காமல் விடுவதற்குக் காரணமாகாது.

சட்டத்தை ரத்து செய்யாமலே அதற்கு மனிதத்தன்மை தந்த வாசிப்பு இது. ஆனால் அதே தீர்ப்பு, உச்ச நீதிமன்றத்திலேயே இவர்கள் தரப்பைக் கேட்டாகிவிட்டது என்று சொல்லி, அக்டோபர் 31-க்குப் பிறகு அகற்ற அனுமதித்தது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. 1976 கணக்கெடுப்பின் அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்கு மாற்றிடம் தர வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. யாரிடம் அட்டை இருக்கிறது, யாருடையது இடிப்பில் தொலைந்தது என்பதெல்லாம் ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கேட்டால்தான் தெரியும். டெல்லியில் வழக்கறிஞர்கள் வாதாடியது அதற்கு ஈடாகாது.

2024 நவம்பர் 13-ல், புல்டோசர் இடிப்புகள் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவான நெறிமுறைகள் வகுத்தது. 15 நாள் அவகாசத்துடன் நோட்டீஸ், நேரில் விசாரணை, காரணம் சொல்லும் உத்தரவு, இடிப்பதற்கு முன் இன்னும் 15 நாள். ஆனால் சாலை, நடைபாதை, ரயில் பாதையோரம், நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள கட்டுமானங்களுக்கு இவை பொருந்தாது. அங்கே குடியிருப்பவர்கள் நோட்டீஸ் கேட்டு வார்டு அலுவலகத்துக்குப் போகும்போது, இன்றும் 1985 தீர்ப்பைத்தான் எடுத்துக்காட்ட வேண்டியிருக்கிறது.