மெய்நிகர் வானூர்தி ஆக்கமும் பகிர்வும்: ஃப்ளைட்கியர் சமூகத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கணினித் திரையில் பறக்கும் வானூர்தியை உருவாக்குவது வரைகலைப் பணி என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஃப்ளைட்கியர் என்னும் கட்டற்ற பறத்தல் ஒப்புருவாக்கியைச் சுற்றி அமைந்த ஆர்வலர் சமூகத்தின் நடைமுறைகளை நோக்கும்போது, உருவத்தைக் காட்டிலும் பறத்தல் நடத்தையே அரிய பணி என்பது புலனாகிறது. அந்நடத்தைக்கான தரவுகள் பிறரால் சரிபார்க்கவும் திருத்தவும் தக்கனவாக இருக்க வேண்டும். எனவே பகிர்தல் என்பது ஆக்கம் முடிந்த பின் நிகழும் தனிச்செயல் அன்று. ஆக்கத்தின் உறுப்பே அது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மெய்நிகர் வானூர்தி, பறத்தல் ஒப்புருவாக்கி, கட்டற்ற மென்பொருள், பறத்தல் இயக்கவியல், உரிமம், கூட்டாக்கம்

தோற்றப் பின்னணி

சிமுலேட்டர் என வழங்கும் பறத்தல் ஒப்புருவாக்கிகள் வீட்டுக் கணினிகளுக்கு வந்த காலத்தில் அவை மூடிய வணிகப் பொருள்களாகவே இருந்தன. பயனர் அவற்றை இயக்கலாம். உள்ளே நிகழும் கணக்கீட்டைக் காண இயலாது. இந்நிலைக்கு மாற்றாக 1996ஆம் ஆண்டு டேவிட் முர் என்பவர் இணையவழி ஒரு முன்மொழிவை வெளியிட்டார். ஆர்வலர்கள் ஒன்றுகூடி, எவரும் படித்துத் திருத்தத்தக்க மூலநிரலுடன் ஓர் ஒப்புருவாக்கியை எழுத வேண்டும் என்பதே அதன் சாரம். 1997இல் முதல் வெளியீடு வந்தது. கர்ட்டிஸ் ஓல்சன் நெடுங்காலம் திட்டத்தை ஒருங்கிணைத்தார்.

தொடக்கத்தில் பறத்தல் கணக்கீட்டிற்கு நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் உருவான லார்க்சிம் என்னும் நிரல் பயன்பட்டது. அது நேவியன் என்னும் சிறு வானூர்தியை மட்டுமே அறிந்திருந்தது. வேறொரு வானூர்தி வேண்டுமெனில் நிரலையே மாற்ற வேண்டும். நிரலாளர் அல்லாதோரும் வானூர்தி ஆக்கத்தில் ஈடுபடும் நிலை ஏற்பட்டது பின்னரேயாகும். வானூர்தி பற்றிய செய்திகள் அனைத்தும் நிரலிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி உரைக்கோப்புகளுக்கு மாற்றப்பட்டதே அதற்குக் காரணம்.

உள்ளமைப்பு

ஃப்ளைட்கியர் வானூர்தி என்பது ஒரு கோப்புறை. அதனுள் முப்பரிமாண உருவம், மேற்பூச்சுப் படங்கள், ஒலிகள், கருவிப்பலகை, பறத்தல் இயக்கவியல் கோப்பு, நாசல் என்னும் எளிய மொழியில் எழுதப்பட்ட சிறு நிரல்கள் ஆகியவை இருக்கும். பெரும்பாலான பகுதிகள் எக்ஸ்எம்எல் வடிவிலமைந்த வெற்று உரையே. சாதாரண உரைத்தொகுப்பி ஒன்றால் திறந்து வாசிக்கலாம். எண்ணை மாற்றிச் சேமித்து மீண்டும் பறந்து பார்க்கலாம்.

இப்பகுதிகளை இணைப்பது பண்பு மரம் எனத்தக்க ஓர் அமைப்பு. வானூர்தியின் ஒவ்வொரு நிலையும் அம்மரத்தில் ஒரு கிளையில் ஓர் எண்ணாகவோ சொல்லாகவோ இருக்கும். இறக்கையின் ஓர மடிப்பைக் கட்டுப்படுத்தும் நெம்புகோலின் நிலை, எடுத்துக்காட்டாக, −1 முதல் +1 வரையான ஓர் எண். வானோடி நெம்புகோலை அசைத்தால் அந்த எண் மாறும். இயக்கவியல் கோப்பு அதைப் படித்து வானூர்தியை உருளச் செய்யும். உருவக் கோப்பும் அதே நிலையைப் பின்பற்றி மடிப்பு அசைவதைக் காட்டும். இவ்விரு கோப்புகளை எழுதியோர் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டியதில்லை. கிளையின் பெயரில் உடன்பாடு இருந்தால் போதும். வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு ஆண்டுகளில் பணிபுரியும் இருவரின் உழைப்பு ஒரே வானூர்தியாக இணைவதற்கு அடிப்படை இந்த எளிய ஏற்பாடுதான்.

உருவ ஆக்கத்திற்குப் பிளெண்டர் போன்ற கட்டற்ற கருவிகள் பயன்படுகின்றன. மூன்று கோணங்களில் வரையப்பட்ட வானூர்தி வரைபடமும் சில நிழற்படங்களும் கிடைத்தால், பொறுமையுள்ள ஒருவர் நம்பத்தக்க உருவத்தை அமைத்துவிட இயலும். புதியோர் பெரும்பாலும் அதனினும் எளிய வாயிலாக, அதாவது மேற்பூச்சு மாற்றுதல் வழியாக, இச்சமூகத்துள் நுழைகின்றனர். ஒரு விமான நிறுவனத்தின் வண்ணத்தை ஏற்கெனவே உள்ள உருவத்தின்மீது தீட்டுவதற்கு இயற்பியல் தேவையில்லை.

பறத்தல் நடத்தை

உருவத்தின் பிழை கண்ணுக்குத் தெரியும். நடத்தையின் பிழை அவ்வாறன்று. இறக்கை சற்று நீண்டுவிட்டால் நிழற்படத்தோடு ஒப்பிட்ட எவரும் சுட்டிக்காட்டுவர்; வேகம் குறையும்போது மூக்கு எவ்வளவு விரைவாகத் தாழ வேண்டும் என்பதை அவ்வானூர்தியைப் பறக்கவிட்டவரோ அளந்தவரோதான் கூற முடியும். ஃப்ளைட்கியரில் இந்நடத்தையை எழுத இரண்டு வழிகள் பெருவழக்காக உள்ளன.

ஜான் பெர்ண்ட் தொடங்கிய ஜேஎஸ்பிசிம் அளவைத் தரவுகளை நம்புவது. உயர்த்துவிசை, இழுவை, பக்கவிசை, உருளல், மூக்கசைவு, திரும்பல் ஆகிய ஆறு அச்சுகளுக்கும் தனித்தனியே கெழுக்களும் அட்டவணைகளும் தரப்பட வேண்டும். காற்றை இறக்கை எதிர்கொள்ளும் கோணம் இத்தனை பாகை எனில் உயர்த்துவிசைக் கெழு இவ்வளவு என்று அட்டவணை கூறும். இடைப்பட்ட கோணங்களுக்கு நிரல் தானே இடைமதிப்பைக் கணிக்கும். அட்டவணையின் எல்லைக்கு அப்பால் இறுதி மதிப்பையே தொடர்ந்து பயன்படுத்தும். இதில் ஓர் இடர் உள்ளது. ஆக்கியோர் 15 பாகையோடு அட்டவணையை நிறுத்திவிட்டால், உண்மை வானூர்தி உயர்த்துவிசையை இழந்து வீழும் கோணத்திலும் மெய்நிகர் வானூர்தி அமைதியாக மிதந்துகொண்டிருக்கும். எழுதாமல் விடப்பட்ட வரிகளும் பறத்தலில் பங்கேற்கின்றன.

ஆண்டி ராஸ் எழுதிய யாசிம் வடிவவியலிலிருந்து தொடங்குகிறது. இறக்கை எங்குள்ளது, எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், எஞ்சினின் எடை என்ன என்பன போன்ற செய்திகளோடு, தரையிறங்க அணுகும் வேகம், சீராகப் பறக்கும் வேகம் ஆகிய இரண்டையும் ஆக்கியோர் தருகின்றனர். இவ்விரண்டு நிலைகளும் பொருந்தி வரும்வரை நிரல் உயர்த்துவிசையையும் இழுவையையும் திரும்பத் திரும்பச் சரிசெய்துகொள்கிறது. காற்றுச் சுரங்க அளவைகள் கிடைக்காத வானூர்திகளுக்கு இது பெரும் வசதி. ஆயினும் இரண்டு புள்ளிகளில் உறுதிசெய்யப்பட்ட நடத்தை பிற இடங்களிலும் மெய்யாக இருக்கும் என்பதற்கு அதில் உறுதி ஏதுமில்லை. பயணிகள் வானூர்தியைச் சீராகச் செலுத்த விரும்புவோருக்கு இக்குறை புலப்படாது. சுழன்று வீழ்தலைப் பயில விரும்புவோருக்கு உடனே புலப்படும்.

தரவின் ஊற்றுகள்

ஆர்வலர்களின் மெய்யான உழைப்பு பெரும்பாலும் நூலகப் பணியாகவே அமைகிறது. நாசா 1972இல் வெளியிட்ட சிஆர்-2144 என்னும் அறிக்கை இதற்கு நல்ல சான்று. போயிங் 747, சி-5, எக்ஸ்-15 உள்ளிட்ட சில வானூர்திகளின் நிலைப்பாட்டுக் கெழுக்களை அது அட்டவணைகளாகத் தருகிறது. பொறியாளர்களுக்காக எழுதப்பட்ட அவ்வறிக்கை பொதுவெளியில் கிடைப்பதால், ஆர்வலர் ஒருவர் தம் வானூர்தியின் எண்களை அதனோடு ஒப்பிட முடிகிறது.

தற்காலப் போர் வானூர்திகளின் நிலை இதற்கு நேர்மாறானது. நிழற்படங்கள் ஏராளம், அளவைத் தரவுகள் மறைபொருள். ஆகவே மிகச் சிறந்த உருவமும் ஊகத்தால் எழுதப்பட்ட நடத்தையும் ஒரே கோப்புறையில் அமைந்துவிடுகின்றன. காட்சிக்கு இனிய வானூர்தியே நம்பத்தக்க வானூர்தி என்ற எண்ணம் இங்குத்தான் பிழைபடுகிறது.

ரைட் சகோதரர்களின் 1903ஆம் ஆண்டு ஊர்தியை மற்றொரு முனையில் வைத்து நோக்கலாம். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் காற்றியக்கவியல் குழுவினர் ஃப்ளைட்கியருக்காக உருவாக்கிய வானூர்திகளுள் அதுவும் ஒன்று. மூக்கசைவைக் கட்டுப்படுத்தும் பரப்பு அவ்வூர்தியில் வாலில் இல்லை, முன்புறம் உள்ளது. இறக்கைகளை முறுக்கியே அது திரும்பும். இயல்பாகவே நிலைப்பற்ற அவ்வூர்தியின் முழு அளவுப் பிரதியொன்று நாசாவின் ஏம்ஸ் மையத்துக் காற்றுச் சுரங்கத்தில் 1999இல் சோதிக்கப்பட்டது. 1903 டிசம்பர் 17 அன்று நிகழ்ந்த நான்கு பறத்தல்களுள் நீண்டது 59 நொடி, 852 அடி மட்டுமே. திரையில் அதைச் செலுத்த முயல்வோர், மூக்கு மேலும் கீழும் அலைய, சில நொடிகளில் தரையைத் தொடுவதில் வியப்பில்லை. எளிதாகப் பறக்கும் ரைட் ஊர்தி பயனருக்கு மகிழ்ச்சி தரலாம். ஆனால் அது பிழையான ஊர்தி.

இலவசமும் கட்டற்றதும்

ஃப்ளைட்கியரின் அதிகாரப்பூர்வத் தொகுப்பில் ஒரு வானூர்தி இடம்பெற வேண்டுமெனில் அது குனூ பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்பட வேண்டும். பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் திருத்தியதை மீண்டும் வழங்கவும் அவ்வுரிமம் இசைவளிக்கிறது. ஆங்கிலத்தில் விலையின்மையையும் விடுதலையையும் ஒரே சொல் குறிப்பதால் நேரும் குழப்பம் தமிழில் இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்பதைச் சொற்களே காட்டிவிடுகின்றன. பிற ஒப்புருவாக்கிகளுக்காக ஆர்வலர்கள் இலவசமாக வழங்கும் வானூர்திகள் பலவற்றை எவரும் பதிவிறக்கலாம். ஆக்கியோரின் இசைவின்றித் திருத்தி வெளியிடலாகாது. அத்தகைய உருவம் ஒன்றை எடுத்து ஃப்ளைட்கியர் தொகுப்பில் சேர்ப்பது உரிம மீறலாகும்.

வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமங்களும் இத்தொகுப்புக்கு ஒவ்வா. தம் உழைப்பை வேறொருவர் விற்கக் கூடாது என்று கருதும் ஆக்கியோர் தம் வானூர்திகளைத் தனித் தளங்களில் வைத்துக்கொள்கின்றனர். அவர்களின் அச்சம் ஆதாரமற்றதன்று. ஃப்ளைட்கியரையே வேறு பெயரிட்டு, தமது படைப்பைப் போல விளம்பரப்படுத்தி விற்றவர்கள் உண்டு. உரிமத்தின் விதிகளைப் பின்பற்றி மூலநிரலையும் வழங்கினால் விற்பனை சட்டத்திற்கு உட்பட்டதே. எனினும் ஊதியமின்றி உழைத்தவர்களிடையே அது கசப்பை விளைவித்தது. இருப்பினும் தடையுரிமத்தைத் தேர்ந்தவரின் வானூர்திக்கு வேறோர் இழப்பு நேர்கிறது. அவர் ஆர்வம் குன்றி விலகினால், அல்லது மறைந்தால், அதைத் திருத்தும் உரிமை எவருக்கும் தெளிவாக இல்லாமல் போகிறது. ஃப்ளைட்கியரின் காட்சியமைப்பு பிலிப் என்னும் நூலகத்திலிருந்து ஓப்பன்சீன்கிராஃப் என்னும் நூலகத்திற்கு மாறியது போன்ற காலங்களில், பராமரிப்பாரற்ற வானூர்திகள் பழைய பதிப்போடு தேங்கிவிட நேரும்.

மதிப்பீடும் பாட வேறுபாடும்

தொகுப்பிலுள்ள நூற்றுக்கணக்கான வானூர்திகளுள் எது முதிர்ந்தது, எது தொடக்க நிலையில் உள்ளது என்பதைப் பயனர் அறிய, நான்கு கூறுகளில் 0 முதல் 5 வரை மதிப்பெண் வழங்கும் முறை உள்ளது. இயக்கவியல், உள்ளமைப்புகள், ஓட்டுநர் அறை, வெளியுருவம் என்பன அக்கூறுகள். மதிப்பெண்ணை வழங்குவோர் பெரும்பாலும் ஆக்கியோரே. வெளியிடப்பட்ட அளவுகோல்களைக் கொண்டு தம் படைப்பைத் தாமே அளக்கின்றனர். இயக்கவியலுக்கும் வெளியுருவத்திற்கும் தனித்தனி எண் வழங்குவதே இம்முறையின் சிறப்பு. அழகிய உருவத்தின் பின்னே ஊக நடத்தை மறைந்துகொள்ள முடியாது. மதிப்பெண்ணில் ஐயம் எழுந்தால் கோப்பைத் திறந்து பார்க்கும் உரிமை அனைவருக்கும் உண்டு. தன்மதிப்பீடு ஓரளவேனும் நேர்மையாக அமைவதற்கு இவ்வுரிமையே காவல்.

திருத்தங்கள் பெருகும்போது எது மூலம் என்னும் வினா எழுகிறது. சுவடிப் பதிப்பில் பயின்றோர் இச்சிக்கலை நன்கறிவர். ஏடு பெயர்த்தெழுதியவர் செய்த மாற்றம் பிழையா, திருத்தமா, இடைச்செருகலா என்று பதிப்பாசிரியர் ஏடுகளை ஒப்பிட்டு உய்த்துணர வேண்டியுள்ளது. வானூர்தித் தொகுப்பில் ஒவ்வொரு மாற்றமும் செய்தவர் பெயர், நாள், காரணக் குறிப்பு ஆகியவற்றோடு பதிவாகிறது. முந்தைய பாடங்கள் எதுவும் அழிவதில்லை. ஆயினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது: பதிப்பாசிரியர் ஆசிரியரின் மூலபாடத்தை நோக்கிப் பின்னோக்கிச் செல்கிறார், இங்குள்ளோர் மூலக் கோப்பை அன்றி, வெளியேயுள்ள உண்மை வானூர்தியை நோக்கிச் செல்கின்றனர். முதலில் எழுதியவரின் பாடம் மதிக்கப்படும். ஆனால் அதற்கு அதிகாரம் இல்லை. இக்காரணத்தால் மனத்தாங்கல்களும் நேர்கின்றன. தாம் அளந்து வைத்த எண்ணைப் பிறர் மாற்றுவதை ஏற்காத ஆக்கியோர் கிளைபிரிந்து தனிப்பதிப்பு நடத்துவதுண்டு. ஒரே வானூர்திக்கு இரண்டு, மூன்று பாடங்கள் நிலவுவது அரிதன்று.

செஸ்னா 172பி

நீண்ட காலம் பலர் கைபட்டு வளர்ந்த வானூர்திக்குச் செஸ்னா 172பி தக்க சான்று. உண்மை வானூர்தி நான்கு இருக்கைகளும் 160 குதிரைத்திறன் கொண்ட லைக்கமிங் எஞ்சினும் உடையது. பெரும எடை 2,400 பவுண்டு. பறத்தல் பள்ளிகளில் பெருவழக்காக இருப்பதால் அதன் கையேடுகளும் அளவைகளும் எளிதில் கிடைக்கின்றன. அதைச் செலுத்திப் பழகியோரும் எங்கும் உள்ளனர். பிழை சுட்ட ஆள் மிகுந்த வானூர்தி என்பதே அதன் வளர்ச்சிக்கு உதவியது.

ஃப்ளைட்கியரின் தொடக்க வானூர்தியாக அமைந்த அதன் ஜேஎஸ்பிசிம் பதிப்பில் பிற்காலத்தில் பறத்தலுக்கு முந்தைய சோதனைகளும் சேர்க்கப்பட்டன. சக்கரத் தடைக்கட்டைகளை அகற்ற வேண்டும். இறக்கைகளைத் தரையோடு பிணைத்த கயிறுகளை அவிழ்க்க வேண்டும். வேகமானிக்குக் காற்றுச் செல்லும் குழாயின் உறையைக் கழற்ற வேண்டும். எஞ்சின் எண்ணெயின் அளவைப் பார்க்க வேண்டும். எரிபொருளில் நீர் கலந்துள்ளதா என்று மாதிரி எடுத்து நோக்க வேண்டும். உறையை மறந்தவருக்கு வேகமானி பயன்படாது. எரிபொருளில் நீர் கலப்பது போன்ற இடர்களைப் பயனர் விரும்பினால் மட்டுமே இயக்கிக்கொள்ளுமாறு அமைப்புப் பட்டியில் விருப்பத்தேர்வுகள் உள்ளன. சோதனை ஏதுமின்றி உடனே பறக்க விரும்புவோருக்குத் தானியங்கித் தொடக்கமும் அதே பட்டியில் தரப்பட்டுள்ளது.