தேனீக் குடியின் ஒழுங்கும் கமக்காரரின் கடமையும்

பூசினித் தோட்டத்திற் பிஞ்சுகள் மஞ்சணித்து உதிரும்போது, பசளைக் குறைவே காரணமெனக் கமக்காரர் பலர் கருதுவர். பல வேளைகளிற் காரணம் வேறாகும்: பெண் பூவுக்குப் போதிய மகரந்தம் வந்து சேர்வதில்லை. நெற்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருக்கொள்ளும். பூசினி, பாகல், பீர்க்கு என்பவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் வெவ்வேறானவை. ஆதலால் மகரந்தத்தைக் கொண்டுசெல்லப் பூச்சிகள் வேண்டும். அவற்றுள் முதன்மையானது தேனீ.

இலங்கையில் மரப்பொந்துகளில் வாழ்வதும் பெட்டிகளில் வளர்க்கப்படுவதும் இந்தியத் தேனீயாகும். ஒரு குடியில் ஓர் இராணியும், பல்லாயிரம் வேலைத் தேனீக்களும், பருவத்திற்கேற்ப ஆண் தேனீக்களும் உண்டு. இராணியின் தொழில் முட்டையிடுதல். ஆண் தேனீ இராணியுடன் கூடுவதற்கே உரியது. அதற்குக் கொடுக்கு இல்லை. ஏனைய வேலைகள் யாவும் பெண்களாகிய வேலைத் தேனீக்களுக்கு உரியன.

அவ்வேலைகள் பெரும்பாலும் வயதுக்கேற்பப் பகிரப்படும். புதிதாக வெளிவந்த தேனீ அறைகளைத் துப்புரவு செய்யும். பின்னர் புழுக்களுக்கு உணவூட்டும். அடுத்து, தன் வயிற்றிற் சுரக்கும் மெழுகால் வதை கட்டும், பூவின் அமுதத்தைப் பெற்று, சிறகால் விசிறி நீரை வற்றச்செய்து தேனாக்கும், வாயிலைக் காக்கும். இறுதியாகவே வெளியே பறந்து உணவு தேடும். நல்ல பூக்களைக் கண்டு திரும்பிய தேனீ, வதையின்மேல் நடனமாடி, அவை இருக்கும் திசையையும் தூரத்தையும் ஏனையவற்றுக்கு உணர்த்தும். இந்நடனத்தின் பொருளை ஆராய்ந்த காள் வொன் பிறிஷ் 1973ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றோருள் ஒருவர்.

பூசினிப் பூ விடியற்காலையில் விரிந்து நண்பகலுக்குள் வாடிவிடும். அவ்வேளையிற் பீடைநாசினி தெளித்தால், உணவு தேடும் தேனீக்கள் தோட்டத்திலேயே மடியும். கேடு அத்துடன் முடிவதில்லை. புழுக்களைப் பேணும் இளந்தேனீக்கள் காலத்திற்கு முன்னரே வெளியே செல்ல நேரும், புழுக்கள் உணவின்றி வாடும், குடி மெலியும். உணவு குன்றினால் இத்தேனீ கூட்டைக் கைவிட்டுச் செல்வதும் உண்டு. பின்னர் பூக்கும் பூக்களுக்கு உதவ எவையும் இரா.

ஆகையாற் கமக்காரர் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுதல் நன்று:

1. பீடையின் தாக்கத்தை நேரிற் கண்டறிந்த பின்னரே மருந்து தெளித்தல்.
2. பூக்குங் காலத்திற் தெளித்தலை இயன்றவரை தவிர்த்தல். இன்றியமையாதவிடத்து, தேனீக்கள் கூடு திரும்பிய பின் மாலையிற் தெளித்தல்.
3. வரம்பிற் பூத்துநிற்கும் பூண்டுகள்மேல் மருந்து படாது காத்தல்.
4. அயலிலே தேனீ வளர்ப்போருக்கு முன்கூட்டியே அறிவித்தல்.

காலையிலே பூக்களிடையே தேனீக்கள் உலாவுகின்றனவா என நோக்குவதும் பயிர்ப் பராமரிப்பின் ஒரு பகுதியேயாகும்.